பச்சை ஜாக்கெட்டுக்குப் பின்னால்

மேனேஜரின் பச்சை ஜாக்கெட்டுக்குச் சரியாக இரண்டடி பின்னால் மிதித்துக்கொண்டிருந்தார் தலைமை எழுத்தர். முந்தினால் மரியாதைக் குறைவு. பின்தங்கினால் விசுவாசம் கண்ணில் படாது.

குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்ட எண்பது கிலோமீட்டர் மலைப்பாதையில் சைக்கிள் பயணம். குளிர் அப்படி. கண்ணைத் தவிர எல்லாரும் எல்லாவற்றையும் மூடியிருந்தார்கள்.

தலைமை எழுத்தர் அந்தக் குழந்தைகளை நினைத்துச் சைக்கிள் ஏறவில்லை. அவருடைய மாற்றல் மனு மூன்று வருடமாக மேனேஜரின் மேசையில் கிடந்தது. மனைவியும் மகளும் வேறு ஊரில். "எப்பப்பா வருவே?" என்று போனில் கேட்பதை மகள் நிறுத்தியே விட்டாள். அது அவருக்கு ரொம்ப வலித்தது.

"சூப்பர் சார்! புலி மாதிரி ஏறுறீங்க சார்!" என்று வளைவுக்கு வளைவு கத்தினார்.

பச்சை ஜாக்கெட் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தியது. தலைமை எழுத்தருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, ஏற்கெனவே விறைத்துப்போயிருந்தாலும்.

ஏழாவது வளைவில் ஓர் அம்மாள் சறுக்கி விழுந்தார். பச்சை ஜாக்கெட் இறங்கி ஓடி, அவரைத் தூக்கிவிட்டு, கழன்ற செயினையும் மாட்ட உட்கார்ந்தது. கீழே விழுந்த பேனாவை எடுக்கக்கூட பெல் அடித்து ஆள் கூப்பிடுகிற மனிதர்! எங்கேயோ கேமரா இருக்கிறது என்று தலைமை எழுத்தர் முடிவுகட்டினார்.

அந்த இடைவெளியில் ஒரு கறுப்புக் குல்லாக்காரர் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கியபடி வந்து, முன்னால் நுழையப் பார்த்தார். தலைமை எழுத்தர் ஹேண்டிலைத் திருப்பி மறித்தார்.

"யோவ், எங்க மேனேஜரையே முந்துறியா? பின்னாடி வாய்யா!"

கறுப்புக் குல்லாக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருமல்தான் வந்தது.

பார்க்கப் பாவமாக இருந்தது. தலைமை எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே. அந்த ஆளு ஒரு மண்ணாந்தை. ஒரு கையெழுத்துப் போட மூணு வருஷம்! என்ன பண்றது, காரியம் ஆகணும்னா கழுதைக் காலையும் பிடிக்கணுமே. மாற்றல் மட்டும் கிடைக்கட்டும், அந்த மூஞ்சியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்."

கறுப்புக் குல்லாக்காரர் மெதுவாகத் தலையை மட்டும் ஆட்டினார்.

உச்சியில் ஒரே கைதட்டல். தலைமை எழுத்தர் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடி, தன் கம்பளியைப் பச்சை ஜாக்கெட்டின் தோளில் போர்த்தினார்.

"சாதிச்சுட்டீங்க சார்! அப்புறம், அந்த என்னோட மனு..."

பச்சை ஜாக்கெட் முகத்துணியை இறக்கியது.

"ஐயய்யோ, நான் டிரைவருங்க! ஏற முடியாம நடுவுல சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நடந்தா ஸ்டாஃப் எல்லாம் சிரிப்பாங்கன்னு, சார்தான் இதை என்னைப் போட்டுக்கச் சொன்னாரு."

தலைமை எழுத்தருக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அப்போ அந்த மகராசன் வீட்டுல இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்குறாராக்கும்?"

டிரைவர் அவரை விநோதமாகப் பார்த்தார்.

"அவரைத்தானேங்க நீங்க பின்னாடி வரச் சொன்னீங்க!"