சொல்ல மறந்த சொல்

மண்ணூர்பேட்டை இரும்பு ஃபவுண்டரியில் வேலை செய்யும் இக்னேஷியஸ் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப் போனார்.

"மூச்ச நல்லா இழுத்துப் புடி," என்றார் எக்ஸ்ரே எடுக்கும் வேம்புலி. அப்போது கரண்ட் போய்விட்டது. "உடு" என்று சொல்ல மறந்து அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

இக்னேஷியஸ் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார், வேலைக்கும் போனார். பேசவில்லை. அவர் நெஞ்சு ஏறி இறங்காததை மனைவி ஹில்டா நான்காம் நாள்தான் கவனித்தாள். சட்டைப் பையிலிருந்த எக்ஸ்ரே சீட்டைப் பார்த்து, வேம்புலியைத் தேடிப்பிடித்து அழைத்துவந்தாள்.

"நான் சொல்லி என்னிக்கு கேட்டாரு? நீயே உடச் சொல்லுண்ணா."

"எத்தினி நாளா இப்டி கீறாரு?"

"நாலு நாளாச்சி."

வேம்புலி செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"நாலு நாள் காத்து ஒரேடியா வரும். மொதல்ல புள்ளைங்கள வெளிய அனுப்பும்மா."

இக்னேஷியஸ் எழுந்து, இடுப்பில் கைகளை வைத்து, சுவரில் நெஞ்சை ஒட்டி நின்றுகொண்டார்.