காட்டேரி வேட்பாளர்

"வாயில இன்னும் கொஞ்சம் பீட்ரூட் சாறு ஊத்து ஜிபெக். ரத்தம் தாடை வரைக்கும் வழியணும்," என்றான் எல்தியார்.

"போதும்டா! காலையிலேர்ந்து இதைத்தான் குடிச்சிட்டிருக்கேன்," என்றது காட்டேரி.

காட்டேரி வேஷத்தில் இருந்தவர் தோக்தொகாசி. நாடக மேடையில் ஊறிய மனிதர். படத்தின் கதைப்படி, செத்துப்போன எம்.பி. ஒருவர் காட்டேரியாக எழுந்து வந்து மறுபடி தேர்தலில் நிற்கிறார். ஊரில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதுதான் எல்தியாரின் முதல் படம். இதற்காகத் தன் காரையே விற்றிருந்தான்.

கொச்கோர் ஊர்க் கலைமன்றத்தில் பிரசாரக் கூட்டக் காட்சி மட்டும் பாக்கி. கூட்டமாக நடிக்க ஜிபெக் ஏற்பாடு செய்திருந்தவர்களைத்தான் காணோம். கேமராவோ கல்யாண வீடியோக்காரரிடம் வாங்கிய இரவல். மதியம் அது ஒரு நிக்காஹ் வீட்டுக்குப் போயாக வேண்டும்.

"உன் ஆளுங்க எங்கே?" என்றான் எல்தியார்.

"வந்துட்டிருப்பாங்கண்ணே. போன்தான் எடுக்க மாட்டேங்கிறாங்க." உதவி இயக்குநர் ஜிபெக் அழுதுவிடுவாள் போலிருந்தது.

வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. வெள்ளைக் கம்பளித் தொப்பிகளும் பூப்போட்ட முக்காடுகளுமாக அரங்கம் நிமிஷத்தில் நிறைந்தது.

"சொல்லிக்கொடுக்க நேரமில்ல, அப்படியே எடுத்துடலாம். ஆரம்பிங்கண்ணே!" என்றான் எல்தியார்.

தோக்தொகாசி மேடையேறினார்.

"என் அருமை மக்களே! நான் செத்துட்டேன். ஆனா என் பசி சாகல! போன தடவை உங்க ரத்தத்தைப் பாதிதான் உறிஞ்சினேன். மீதியையும் உறிஞ்ச ஒரு வாய்ப்புக் கொடுங்க!"

கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. யாரும் கேட்காமலே ஒருவர் விசில் அடித்தார்.

"எங்க தெருக் குழாய்ல எப்போ தண்ணி வரும்?" முன்வரிசையில் ஒரு குண்டு அம்மாள் எழுந்து கத்தினாள்.

வசனத்தில் இல்லாத கேள்வி. தோக்தொகாசி அசரவில்லை. "தண்ணியா? நான் அதைக் குடிக்கிறதே இல்லையே தாயே!"

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. எல்தியாருக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. நகரத்து நடிகர்கள்கூட இவ்வளவு இயல்பாகச் செய்யமாட்டார்கள். காட்சி ஒரே டேக்கில் முடிந்தது.

"தங்கம் ஜிபெக் நீ! இவங்களை எங்கேர்ந்து பிடிச்சே?"

ஜிபெக் காதில் போனோடு ஓடி வந்தாள். "அண்ணே... நம்ம ஆளுங்க பஸ் ஆட்டு மந்தைக்கு நடுவுல மாட்டி நிக்குதாம். இன்னும் நகரவே இல்லையாம்."

"அப்போ இவங்க யாரு?"

அதற்குள் அந்தக் குண்டு அம்மாள் அவன் தோளைத் தட்டினாள்.

"தம்பி, வாக்குச்சீட்டுல இவர் பேர் எத்தனாவது? தேர்தல் கூட்டம்னு எங்களை பஸ்ல ஏத்தி அனுப்பினவங்க அதைச் சொல்லவேயில்ல. எங்க ஊரே இவருக்குத்தான் போடறதா முடிவு பண்ணிடுச்சு. ரத்தத்தை உறிஞ்சுவேன்னு ஓட்டுக் கேக்கும்போதே ஒளிக்காம சொன்ன மொத ஆளு இவர்தானே!"