போர்க்காலப் படி

போர் தொடங்கி இரண்டு மாதம்தான், அதற்குள் கஜானா காலி. வெட்டியாகச் சம்பளம் வாங்கும் பிரிவுகளை இழுத்து மூடச் சொல்லிப் புதிதாக ஒரு சீரமைப்பு அதிகாரியைப் போட்டிருந்தார்கள். மூன்றாம் மாடிக் கண்காணிப்பாளரை வரவழைத்துச் சிவப்புப் பேனாவைத் திறந்தார் அவர்.

"எட்டுப் பேரு, எட்டுப் பேருக்கும் போர்க்காலப் படி வேற. மேல உக்காந்து என்னய்யா பண்றீங்க?"

"மூச்சு விட நேரமில்ல சார். போர் நேரத்துல அரசு ஊழியர் சம்பளச் செலவ எப்படிக் குறைக்கலாம்னு அறிக்கை தயார் பண்றோம்."

அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யோவ், அது என் வேலை! எனக்கே போன வாரம்தான் குடுத்தாங்க."

"உங்களுது இந்தப் போர் சார். எங்களுது போன போர்."

"அது முடிஞ்சு இருபத்திரெண்டு வருஷம் ஆச்சே!"

"முடிஞ்சதுன்னு எங்க பிரிவுக்கு இன்னும் சுற்றறிக்கை வரல சார். அது வராம நாங்களா எப்படி எந்திரிச்சுப் போறது?"

அதிகாரிக்குத் தன் நியமன உத்தரவின் கடைசி வரி நினைவுக்கு வந்தது: 'இப்பதவி போர் முடியும்வரை மட்டும்.'

பேனாவை மூடினார். எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கண்ணே. அந்தச் சுற்றறிக்கை வராம எப்படிப் பாத்துக்கிட்டீங்க?"