புல்டோசர் சட்டை

மிசிசிப்பியில், ஆளை ஆள் முட்டித் தள்ளும் கல்லூரி ஃபுட்பால் பார்ப்பவர்களுக்கு டேரல் என்றால் தெரியாது. ‘புல்டோசர்’ என்றால்தான் தெரியும். அந்தப் பட்டப்பெயர் வந்த கதையை எழுத அவன் வீட்டுக்கு வந்த நிருபர் கர்டிஸின் கார், வாசலிலேயே சேற்றில் புதைந்துவிட்டது.

“காரை விடுங்க கண்ணு, டீயைக் குடிங்க” என்றாள் டேரலின் அம்மா வெர்லீன்.

“புல்டோசர்னு பேரு எப்படிம்மா வந்துச்சு?”

“நாலு வயசுலயே கோழிக்கூண்டை முட்டிச் சாய்ச்ச பிள்ளை. ஒருநாள் சர்ச்சுல மூணு பயலுக வம்பிழுத்தானுங்க. பிள்ளை ஒரே தள்ளு தள்ளிச்சு. மூணு பேரும் ஞானஸ்நானத் தொட்டிக்குள்ள போய் விழுந்தானுங்க. பாஸ்டர்தான் இந்தப் பேரை வச்சாரு. எங்க வீட்டுக்காரர் அதைச் சட்டை முதுகுலயே அச்சடிச்சுக் குடுத்துட்டாரு.”

கர்டிஸ் ஆனந்தமாக எழுதிக்கொண்டான். “இப்பவும் அதே பலம்தானா?”

வெளியே சளக்கென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தான். கார் தார்ச்சாலையில் நின்றது. பின்னால் ஒரு பெண் கையிலிருந்த சேற்றை உதறிக்கொண்டிருந்தாள்.

“என் மூத்தவ, லடோனியா. இவ்வளவு நேரமும் இவ கதையத்தான் சொல்லிட்டிருந்தேன்.”

“அப்போ டேரல்?”

“முதல் நாள் பயிற்சிக்கு அக்காவோட பழைய சட்டையப் போட்டுட்டுப் போனான். கோச் முதுகைப் படிச்சாரு. அவ்வளவுதான்.”

லடோனியா வாசலில் வந்து நின்றாள்.

“பேரை அவனே வச்சுக்கட்டும் சார். சட்டையத் திருப்பித் தரச் சொல்லுங்க. அவனுக்கு அது இன்னும் தொளதொளன்னுதான் இருக்கு.”