பொம்பளப் புள்ளைங்க பெஞ்சு

"மாது, எந்திரிச்சுப் போயி பொம்பளப் புள்ளைங்க பெஞ்சுல உக்காருப்பா."

தீர்த்தம்மா டீச்சர் சொன்னதும் பத்தாம் கிளாஸ் மொத்தமும் கொல்லுன்னு சிரிச்சுது. எண்பத்தாறுல, கம்பைநல்லூர் பக்கத்துல இருந்த அந்தப் பள்ளிக்கூடத்துல, வீட்டுப்பாடம் எழுதாத பசங்களுக்குக் குடுக்கற தண்டனை அது.

மாது ஒரு தப்பும் பண்ணல. மெல்லிசாப் பேசுவான், கைய ஆட்டி ஆட்டிப் பேசுவான், அவ்ளோதான்.

பக்கத்துல இருந்த சவரிக்கு சுர்ருன்னு ஏறிச்சு. தொப்பூர் கணவாயில பிரேக் புடிக்காத லாரி மாதிரி வாய் அவனுக்கு.

"எதுக்குங்க டீச்சர் அவன அங்க அனுப்பறீங்க? பசங்க பொட்ட பொட்டங்கறது பத்தாதா? நீங்க வேற முத்திரை குத்தணுமா?"

டீச்சர் சாக்பீஸைக் கீழ வச்சாங்க.

"சரி, பாடம் அப்பறம். அந்த வார்த்தைய ஏன்ப்பா சொல்றீங்க?"

"சும்மா தமாசுக்குங்க டீச்சர்," ன்னான் பின் பெஞ்சு பச்சியப்பன். "மாதுவும் சவரியும் ஒண்ணாவே திரியறாங்க, புருசன் பொண்டாட்டியாட்டம்."

"என்னைய எதுக்குடா அவனோட சேக்கறீங்க!" சவரி துள்ளி எந்திரிச்சான். "கூத்துல பாஞ்சாலி வேசம் கட்டற ஆம்பள கால்ல குடும்பத்தோட வுழுந்து கும்பிடறீங்களே, அப்ப எங்கடா போச்சு இந்தச் சிரிப்பு?"

"நல்லாக் கேட்ட," ன்னாங்க டீச்சர். "ஒரு ஆம்பளைக்கு ஆம்பள மேலயே பிரியம் வந்தாலும் அது அவங்க மனசு. அது எப்படிப்பா வசவாகும்? சொல்றவனுக்குத் தமாசு. கேக்கறவன் படிப்பே வேணாங்கறான்."

மாது தலையக் குனிஞ்சுக்கிட்டான். இன்னொரு தரம் அழுதுகிட்டு வூட்டுக்கு வந்தா பெங்களூர் கட்டட வேலைதான்னு அவங்கப்பன் முடிவாச் சொல்லிட்டாரு.

சவரிக்கு மட்டும் சந்தேகம் போகல. பேச்சு இனிக்குது, ஆனா அவனத்தான அங்க அனுப்பறாங்க? காலையில மாதுவத் தனியாக் கூப்பிட்டு வேற பேசினாங்க. மாது யார் மேலயோ பிராது சொல்லியிருக்கான், அந்தப் பேர மறைக்கறாங்க.

"பேச்செல்லாம் சரிங்க. தப்புப் பண்ணவன மாத்தாம இவன ஏன் மாத்தறீங்க? அவன் பேரச் சொல்லுங்க டீச்சர்! இல்லன்னா நீங்களும் அந்தக் கூட்டந்தான்!"

டீச்சர் மாதுவப் பாத்தாங்க. அவன் வேணாம்னு தலையாட்டினான்.

"சொல்ல மாட்டேன்ப்பா. என்னைய என்ன வேணா நெனச்சுக்க."

பெல் அடிச்சுது. பையத் தூக்கின மாதுவ சவரி வழிமறிச்சான்.

"உன்ன அங்க தொரத்தினது யார்ரா? பச்சியப்பனா? சொல்லு, பல்லப் பேத்துடறேன்."

"யாரும் தொரத்தல. நானாத்தான் கேட்டேன்."

"நீயா? எதுக்குடா?"

"பச்சியப்பன் சொன்னா நான் காதுலயே வாங்க மாட்டேன் சவரி. நம்ம ரெண்டு பேரையும் சேத்துச் சிரிக்கறப்ப, 'நான் இல்லப்பா, இவன்தான் பொட்ட'ன்னு என்னையக் கை காட்டுவியே..."

மாது பையத் தோள்ல மாட்டிக்கிட்டான்.

"உங்கிட்டருந்து தள்ளி உக்கார வைங்கன்னுதான்டா கேட்டேன்."