எல்லாம் பச்சை

திரை முழுக்கப் பச்சை. ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

மீரிமுக்கு அதை நம்ப முடியவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் நேற்றுவரை, சோதனைகளை ஓடவிட்டால் எழுந்து போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து, பாதி குடித்தும் விடலாம். இன்று பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது?

பிஷ்கெக் நகரத்தின் குளிர்காலப் புகை ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. அறையில் எல்லோரும் சாதாரணமாகத்தான் இருந்தார்கள். இவள் மட்டும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவர்கள் செய்வது ஒரு கருவி. இயந்திரங்களுக்கு நிரல் எழுதுகிறவர்கள் வரிகளுக்கு நடுவே குறிப்புகள் எழுதிவைப்பார்கள் அல்லவா, அவற்றைப் பொறுக்கியெடுத்துக் கையேடாகக் கோத்துத் தரும். எங்கோ யாரோ அந்தக் கையேட்டை நம்பித்தான் இயந்திரத்தில் கைவைக்கிறார்கள்.

போன குளிர்காலத்தில் அந்தக் கருவி ஒரே ஒரு வரியை விழுங்கிவிட்டது. ‘அழுத்தத்தை எட்டுக்கு மேல் ஏற்றாதே’ என்ற வரி. நாரின் ஊர் வீடுகளுக்கெல்லாம் சூடு கொடுக்கும் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் எசென், அப்படி ஒரு வரி இருந்ததே தெரியாமல் ஒன்பது வைத்தார். நீராவி பீறிட்டு அவருடைய இரண்டு கைகளையும் வேகவைத்துவிட்டது.

மருத்துவமனைக்குப் போய் அவரைப் பார்த்தவள் மீரிம். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி, “டீ குடிச்சிட்டுப் போம்மா” என்றார்.

இனி ஒரு வரிகூடத் தொலையக் கூடாது என்று, யாரும் தொட விரும்பாத வேலையை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். பழைய பிழை ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை உண்டு. இந்த நிரலைக் கொடுத்தால் இந்தப் பக்கம் வர வேண்டும்; வராவிட்டால் சிவப்பு. வருஷக்கணக்கில் ஒரே குப்பையாகக் கொட்டிக் கிடந்த சோதனைகளை இனம் பிரித்துப் புது ஃபோல்டர்களில் அடுக்கினாள். எச்சரிக்கைகளுக்கென்று தனியாக ஒன்று. இன்று காலையில்தான் கடைசி அடுக்கு முடிந்தது.

முடிந்த கையோடு இந்தப் பச்சை.

சரி, பார்த்துவிடலாம் என்று கருவியை அவளே கெடுத்தாள். எச்சரிக்கைகளைப் பொறுக்கும் பகுதியை முழுசாக நீக்கினாள். இப்போது சோதனைகள் ஊரைக் கூட்ட வேண்டும். அலுவலகத்தின் பொதுக் கணினிக்கு அனுப்பி ஓடவிட்டாள்.

பச்சை.

‘கத்தித் தொலையேன், சனியனே!’ என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

காரணத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. அட, இவ்வளவுதானா! சோதனைகளைப் புது இடத்துக்கு மாற்றியவள், அவற்றை ஓட்டும் நிரலுக்கு அந்த இடத்தைச் சொல்லவில்லை. அது பாட்டுக்குப் பழைய இடத்துக்குப் போய், காலி ஃபோல்டரைப் பார்த்துவிட்டு, ஓட்டவும் ஒன்றுமில்லை, தப்பும் ஒன்றுமில்லை என்று பச்சை காட்டிக்கொண்டிருந்தது.

அப்பாடா. வெளியே விடுவதற்கு முன்னால் பிடித்தாயிற்று. நிம்மதியில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கெடுத்ததைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

முதலாளி தாலாய்பெக், இறைச்சி அடைத்த சூடான சம்சா பொட்டலத்தோடு வந்தார். வயதில் பெரியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் பைகே, அண்ணன்.

“என்ன பொண்ணே, பச்சையப் பாத்து அழுற ஆளை இப்பத்தான் பாக்குறேன். சாப்பிடு, ஆறிடும்.”

“அது பொய்ப் பச்சை, பைகே. டெஸ்ட் ஒண்ணுகூட ஓடல. நல்லவேளை, இன்னும் யாருக்கும் அனுப்பல.”

பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

“காலையிலேயே பொதுக் கணினிய மாத்தி வெச்சிட்டேனே... எல்லாம் பச்சையா இருந்தா யாரையும் கேக்காம அதுவே கருவிய எல்லாருக்கும் அனுப்பி, அவங்க கையேட்டையும் புதுசா அடிச்சுக் குடுத்துடும். உனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டுமேன்னு...”

மேசைமேல் மீரிமின் கைபேசி அதிர்ந்தது. எசென். விரல்கள் இன்னும் சரியாக மடங்காததால் அவர் எழுதுவதில்லை, பேசித்தான் அனுப்புவார்.

தொடுவதற்கே அவளுக்குப் பயமாக இருந்தது. தொட்டாள்.

“மீரிம், புதுக் கையேடு வந்து சேந்துச்சும்மா. கெட்டிக்காரிதான் நீ! ஒரு எச்சரிக்கைகூட இல்ல, படிக்கவே சுகமா இருக்கு. அந்த எட்டுங்கிற தடையக்கூடத் தூக்கிட்டீங்களே. பழுதெல்லாம் சரி பண்ணிட்டாங்கடான்னு பசங்ககிட்டச் சொன்னேன். இங்க குளிர் எலும்பைக் கடிக்குது, பாவம் ஜனங்க. பத்துக்கு ஏத்தச் சொல்லிட்டேன்.”