படித்துறையில் நீட்டிய கை

செயின்ட் ஹெலினாத் தீவின் படித்துறையில் ஈரக் கல்லில் பட்ட காலை வெயில் கண்ணைக் கூசுகிறது. கவர்னர் பதவி முடிந்து கர்னல் பென்ரோஸ் இன்று கப்பலேறுகிறார். அவர் தொப்பியின் வெள்ளை இறகுகளைக் காற்று ஒரே பக்கமாகச் சாய்க்கிறது. இடது கையில் பெண்கள் பிடிக்கும் சிறு குடை மடங்கியிருக்கிறது. அலை படகைப் படிவரை தூக்கி, சடாரென்று இறக்குகிறது. மேலே தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, படகு எழும் நொடியில் தாவவேண்டும். மனைவி ஏறி உட்காராமல் கவர்னர் ஏறுவதில்லை. அது இந்தத் துறையின் வழக்கம். படகோட்டி யோன் கயிற்றை இழுத்துப் பிடித்து, எப்போதும் கூவுவதையே கூவிவிடுகிறான்: "அம்மா மொதல்ல! வாங்கம்மா, பாத்து!" கூட்டத்தில் மீன்காரி ஒருத்தி, "அடப்பாவி, வாய மூடுடா" என்கிறாள். அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. போன மாதம் கவர்னர் மனைவியின் சவப்பெட்டியை மலைமேல் சுமந்த தோள்களில் ஒன்று அவனுடையது. "மன்னிச்சிடுங்க துரை... பழக்கத்துல வந்துடுச்சு." துரை திரும்பவில்லை. பட்டாளத்தில் வாள் பிடித்துக் காய்த்துப்போன அவருடைய வலது கை, யாருடைய முழங்கையையோ தாங்குவதுபோல் முன்னே நீண்டிருக்கிறது. படகு எழுகிறது, இறங்குகிறது. மறுபடியும் எழுகிறது. அந்தக் கை மடங்கவில்லை. யோன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கப்பல் காத்திருக்கு துரை" என்கிறான் மெல்ல. "கொஞ்சம் பொறு, யோன்" என்கிறார் கர்னல், மலைப் பக்கம் பார்க்காமல். "அவ எப்பவும் ரெண்டு மூணு அலைய விட்டுட்டுத்தான் ஏறுவா."